வீடு பார்க்கப் போறீங்களா? கையோடு ஒரு வாளியும் எடுத்துட்டுப் போங்க!

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் பத்து, பதினைந்து நிமிடத்தில் குழாயின் வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் எளிய வழிகள்

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதற்குச் சற்று முன்னால் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதற்கும் அப்பால் மேற்குத் தொடர்ச்சி மலை. 1984-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, இன்று பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் கலசலிங்கம் வளாகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. கல்லூரி இருக்கிற ஊரில் வாடகை வீடு தேடுகிறவர்களுக்குக் குறைவிருக்காது. வெளியூரிலிருந்து வரும் ஆசிரியர் குடும்பம், நாலு பேராகச் சேர்ந்து அறை எடுக்கும் மாணவர்கள், பிள்ளையின் படிப்புக்காகவே குடிவரும் பெற்றோர் எனப் பலரும் வருவார்கள்.

வீடு பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள்? வாசல் எந்தத் திசை, ஹாலில் வெளிச்சம் வருகிறதா, பஸ் ஸ்டாப் எவ்வளவு தூரம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா? சொந்தமாக வாங்குகிறவர்கள் இன்னும் ஒருபடி மேலே போய், ஈசானிய மூலையில் சம்ப் இருக்கிறதா, கன்னி மூலையில் மேல்தொட்டி இருக்கிறதா என்று வாஸ்துவும் பார்ப்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "தண்ணி வசதி எப்படி?"

"போர் இருக்கு. மேல ஆயிரம் லிட்டர் டேங்க் இருக்கு. இருபத்து நாலு மணி நேரமும் தண்ணி வரும்" என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால், குழாயைத் திறந்தால் தண்ணீர் எவ்வளவு வேகமாக வரும் என்பது மட்டும் அந்தப் பதிலில் இருக்காது. பால் காய்ச்சிக் குடிவந்த மறுநாள் காலை, ஷவரிலிருந்து நூல் நூலாகத் தண்ணீர் இறங்கும்போதுதான் அது தெரியவரும். அதற்குள் அட்வான்ஸ் கைமாறியிருக்கும். சொந்த வீடு என்றால், பத்திரமே பதிவாகியிருக்கும்.

மாதத்துக்கு 22 மணி நேரம்!

தண்ணீர் மெதுவாக வந்தால் என்ன, வந்தால் போதாதா என்று தோன்றலாம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், கிராமப்புறங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. அந்த அளவையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 220 லிட்டர். அதாவது, 10 லிட்டர் வாளியில் 22 வாளி.

ஒரு வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால், ஒரு நாள் தண்ணீர் வேலை 22 நிமிடத்தில் முடிந்துவிடும். அதே வாளி நிறைய மூன்று நிமிடம் ஆனால், 66 நிமிடம். வித்தியாசம் நாளொன்றுக்கு 44 நிமிடம். 30 நாளைக்குப் பெருக்கினால் 22 மணி நேரம். கிட்டத்தட்ட ஒரு முழு நாள்!

அந்த ஒரு நாள் யாருடையது? பெரும்பாலும் வீட்டில் சமைத்து, துவைத்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புகிற பெண்ணுடையது. காலை ஏழு மணிக்கு ஒரே நேரத்தில் இரண்டு பேர் குளிக்கவும் ஒருவர் சமைக்கவும் வேண்டியிருக்கும் வீட்டில், குழாயின் வேகம் குறைந்தால் சண்டையே வரும். முழங்கால் வலியோடு இருக்கும் பெரியவர்களுக்கு, ஷவர் வராததால் கீழே குனிந்து மொண்டு குளிப்பதே ஒரு வேதனை. மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்று கீழேயிருந்து குடத்தில் தூக்கிச் செல்கிற வீடுகளும் உண்டு.

தொட்டி பெரிதாக இருந்தால் வேகம் கூடுமா?

கூடாது. பலரும் நம்பிக்கொண்டிருக்கும் தவறான கணக்கு இது. 500 லிட்டர் தொட்டியாக இருந்தாலும் 2,000 லிட்டர் தொட்டியாக இருந்தாலும், குழாயில் கிடைக்கும் அழுத்தத்தை முடிவு செய்வது உயரம்தான். குழாயின் வாயிலிருந்து, தொட்டியில் தண்ணீர் நிற்கும் மட்டம் வரை எத்தனை அடி என்பதுதான் கணக்கு. பெரிய தொட்டி அதிக நேரம் தண்ணீர் கொடுக்கும், அவ்வளவே.

10 மீட்டர், அதாவது சுமார் 33 அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், கீழே 1 கிலோ அழுத்தம் இருக்கும். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் 1 கிலோ எடை அழுத்துவதைத்தான் பிளம்பர்கள் 'ஒரு கிலோ பிரஷர்' என்கிறார்கள். இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

தளம் மட்டும் போட்ட ஒரு வீடு. மொட்டை மாடித் தரையிலேயே தொட்டியை உட்காரவைத்திருக்கிறார்கள். தொட்டியின் அடிப்பகுதி தரையிலிருந்து பத்தரை அடி. பாத்ரூமில் ஷவர் ஏழு அடியில் இருக்கிறது. இடையில் மூன்றரை அடிதான். அழுத்தம் வெறும் 0.1 கிலோ. ஷவர் ஏன் அழுகிறது என்பதற்கு இதுதான் காரணம். அதே ஷவருக்குக் கீழே, இரண்டரை அடியில் இருக்கும் குழாய்க்கு 8 அடி உயரம் கிடைக்கிறது. அதனால்தான் ஷவர் வராத பாத்ரூமிலும் கீழ்க்குழாயில் தண்ணீர் நன்றாக வருகிறது.

அதே தொட்டியை மாடிப்படி முடியும் இடத்திலுள்ள ஹெட்ரூமின் மேல் வைத்திருந்தால், கூடுதலாக ஏழெட்டு அடி கிடைத்திருக்கும். ஷவருக்கான அழுத்தம் மூன்று மடங்காகியிருக்கும்.

இதில் இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. தொட்டி நிறைய, மூன்றரை அடிக்குத் தண்ணீர் நிற்கும்போது இந்த ஷவருக்குக் கிடைக்கும் அழுத்தம், தொட்டி காலியாகப்போகும் நேரத்தில் கிடைப்பதைப்போல இரண்டு மடங்கு. தண்ணீர் வரும் வேகமும் ஏறக்குறைய 1.4 மடங்கு கூடும். வீடு பார்க்க ஆள் வருகிறார்கள் என்று காலையிலேயே மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பிவைப்பது சாதாரண பழக்கம். அதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லாமலிருக்கலாம். ஆனாலும், நீங்கள் பார்ப்பது அந்த வீட்டுக் குழாயின் மிக நல்ல நேரம்.

வாஷிங் மெஷின் வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானியங்கி மெஷின்கள் பலவற்றின் கையேட்டில், குறைந்தபட்ச நீரழுத்தம் என்று ஒரு எண் இருக்கும். மாடலுக்கு மாடல் அது மாறும். உதாரணத்துக்கு 0.3 பார் என்று இருந்தால், ஏறக்குறைய 0.3 கிலோ. அதாவது, மெஷினின் குழாயிலிருந்து 10 அடி உயரத்திலாவது தண்ணீர் மட்டம் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டில், 'தண்ணீர் வரவில்லை' என்று மெஷின் பாதியில் நின்றுவிடும். பழுது மெஷினில் இருக்காது.

அமெரிக்க முள் இங்கே அசையாது

அமெரிக்காவில் வீடு வாங்குகிறவர்கள், அதற்கென்றே இருக்கும் வீட்டுப் பரிசோதகரை அழைத்துக் காட்டுவது வழக்கம். அவர் தோட்டத்துக் குழாயில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி, முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். 40-லிருந்து 80 பி.எஸ்.ஐ. வரை இருந்தால் சரி. நம் கணக்கில் 2.8 கிலோவிலிருந்து 5.6 கிலோ வரை. 80-ஐத் தாண்டினால் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வ் போட வேண்டும் என்பது அங்குள்ள பிளம்பிங் விதி. அங்கே தெருக்குழாயிலிருந்து நேராக வீட்டுக் குழாய்க்கு, நாள் முழுவதும் அதே அழுத்தத்தில் தண்ணீர் வருகிறது.

அந்த 80 பி.எஸ்.ஐ. எவ்வளவு என்று புரிந்துகொள்ள ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் போதும். 192 அடி உயரம் என்று சொல்லப்படும் அந்தக் கோபுரத்தின் உச்சி மட்டத்தில் ஒரு தொட்டி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தரையில் இருக்கும் குழாயில் சுமார் 83 பி.எஸ்.ஐ. இருக்கும். அங்கே உச்சவரம்பாக வைத்திருப்பது ஏறக்குறைய அந்த அளவைத்தான். நம் மொட்டை மாடித் தொட்டி கொடுப்பதோ மூன்று, நான்கு பி.எஸ்.ஐ.

அதனால், இணையத்தில் பார்த்துவிட்டு 10 கிலோ வரை காட்டும் சாதாரண கேஜை வாங்கி நம் வீட்டுக் குழாயில் மாட்டினால், முள் பூஜ்யத்தை விட்டு லேசாக நகரும். அவ்வளவுதான். 1 கிலோவுக்குள் அளக்கும் கேஜ் இருந்தால் எண் கிடைக்கும். அப்போதும் அந்த எண், தண்ணீர் ஓடாமல் நிற்கும்போது உள்ள அழுத்தத்தைத்தான் சொல்லும். குழாய்க்குள் பாதி அடைத்திருந்தாலும், நிற்கும் தண்ணீரின் அழுத்தம் குறையாது. திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான் அடைப்பு தன் வேலையைக் காட்டும்.

மேல்தொட்டி வைத்த வீடுகளுக்கு இரண்டு கருவிகள் போதும். உயரம் பார்க்கக் கண். வேகம் பார்க்க ஒரு வாளி.

வாளிச் சோதனை: செய்வது எப்படி?

10 லிட்டர் வாளி ஒன்று வேண்டும். கடைகளில் 16, 18, 20 லிட்டர் வாளிகளும் இருப்பதால், ஒரு லிட்டர் பாட்டிலால் பத்து முறை ஊற்றி, 10 லிட்டர் மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்வது நல்லது. நேரம் பார்க்க செல்போன் போதும்.

முதலில், மோட்டார் ஓடவில்லை என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். சில வீடுகளில் மோட்டார் லைனிலிருந்தே குழாய்களுக்கு இணைப்பு இருக்கும். மோட்டார் ஓடும்வரை தண்ணீர் பிய்த்துக்கொண்டு வரும். நிறுத்தினால்தான் உண்மை தெரியும். பிரஷர் பம்ப் இருந்தால் அதையும் ஒருமுறை அணைத்துப் பாருங்கள். கரன்ட் இல்லாத நேரத்தில் அந்த வீடு எப்படி இருக்கும் என்பது புரியும்.

அடுத்து, பாத்ரூம் குழாயை முழுதாகத் திறந்து வாளியைப் பிடியுங்கள். எத்தனை விநாடியில் நிறைகிறது? 600-ஐ அந்த விநாடியால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வரும். 60 விநாடி என்றால் 10 லிட்டர். 120 விநாடி என்றால் 5 லிட்டர். 200 விநாடி என்றால் 3 லிட்டர். அமெரிக்காவில் தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஷவருக்கு வைத்திருக்கும் உச்சவரம்பே நிமிடத்துக்கு சுமார் 9.5 லிட்டர்தான். ஆகவே, வாளி ஒரு நிமிடத்தில் நிறைந்தால் மனநிறைவோடு தலையாட்டலாம். இரண்டு நிமிடம் வரை சமாளிக்கலாம். அதற்கும் மேல் போனால், காரணத்தைக் கேட்காமல் அட்வான்ஸ் பேச வேண்டாம்.

மூன்றாவதாக, பாத்ரூம் குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் குழாயையும் திறந்து, டாய்லெட்டில் ஃபிளஷ் செய்யச் சொல்லுங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது இதற்குத்தான். வாளி நிறையும் நேரம் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை. இரண்டு மடங்கானால், தொட்டியிலிருந்து இறங்கும் பிரதான குழாய் போதுமான அளவு பெரிதாக இல்லை என்று அர்த்தம். காலை நேர நெரிசலில் அந்த வீடு திணறும்.

கடைசியாக மாடிக்கு ஏறுங்கள். தொட்டியில் இப்போது தண்ணீர் எவ்வளவு? தொட்டி தரையில் இருக்கிறதா, மேடையில் இருக்கிறதா? இறங்குகிற குழாய் என்ன அளவு? அரை இஞ்ச் குழாயைவிட முக்கால் இஞ்ச் குழாயின் வாய்ப் பரப்பு இரண்டேகால் மடங்கு. தொட்டி ஒரு மூலையிலும் பாத்ரூம் எதிர்மூலையிலும் இருந்தால், நீண்ட குழாயிலும் ஒவ்வொரு வளைவிலும் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். அழுத்தமே குறைவாக இருக்கும் வீட்டில் அந்தக் கொஞ்சம் பெரிய இழப்பு.

செலவு வைப்பது எது, வைக்காதது எது?

இந்தச் சோதனையின் உண்மையான பலன் இங்கேதான். தண்ணீர் மெதுவாக வருகிற வீட்டையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சில குறைகள் ஐந்து நிமிடத்தில் சரியாகும். சில குறைகளுக்குச் சுவரை உடைக்க வேண்டும்.

ஒரே ஒரு குழாயில் மட்டும் மெதுவாக வந்தால், பெரும்பாலும் அதன் நுனியில் இருக்கும் சல்லடை அடைத்திருக்கும். அல்லது, அடியிலுள்ள ஆங்கிள் காக் பாதி மூடியிருக்கும். கழற்றிக் கழுவினாலோ, திறந்துவிட்டாலோ வேலை முடிந்தது.

பச்சைத் தண்ணீர் நன்றாக வந்து, வெந்நீர்க் குழாயில் மட்டும் மெதுவாக வந்தால், கீஸரிலோ அதன் இணைப்புக் குழாயிலோ உப்புப் படிந்திருக்கலாம்.

திறந்தவுடன் சீறி வந்து, சில விநாடிகளில் மெலிந்துவிட்டால், எங்கோ ஒரு வால்வ் முழுதாகத் திறக்கவில்லை அல்லது குழாயில் அடைப்பு. தொட்டியின் அடியில் இருக்கும் கேட் வால்வை முதலில் பாருங்கள்.

புஸ் புஸ் என்று காற்றோடு விட்டு விட்டு வந்தால், குழாயில் காற்று அடைத்திருக்கிறது. பிளம்பர்கள் 'ஏர் லாக்' என்பார்கள். தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் காற்றுப் போக்கிக் குழாய் மேல்நோக்கி நிற்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், வைப்பது பெரிய வேலையில்லை.

எல்லாக் குழாயும் மெதுவாக, ஆனால் சீராக வந்தால், உயரத்தையும் குழாய் அளவையும் சந்தேகிக்க வேண்டும். கீழ்க்குழாயில் நன்றாக வந்து ஷவரில் மட்டும் வரவில்லை என்றால், உயரம்தான் குறை. உயரம் போதுமான அளவு இருந்தும் கீழ்க்குழாயிலேயே வாளி நிறைய மூன்று நிமிடம் ஆகிறதென்றால், சுவருக்குள் இருக்கும் குழாய் குறுகிப்போயிருக்கிறது. பழைய இரும்புக் குழாய் போட்ட வீடுகளில் இது சகஜம். வெளியே அரை இஞ்சாகத் தெரியும் குழாய்க்குள், துருவும் உப்பும் படிந்து பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருக்கும். வீடு வாங்குகிறவர்கள் விலை பேசும்போது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய செலவு இது.

வாசல் குழி சொல்லும் சேதி

வீட்டுக்குள் பார்த்தால் மட்டும் போதாது. தெருவையும் பார்க்க வேண்டும். நம் ஊர் வீடுகளுக்கு இரண்டு அழுத்தங்கள் உண்டு. ஒன்று, மேல்தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்கு. இன்னொன்று, ஊராட்சி அல்லது நகராட்சிக் குழாயிலிருந்து வாசலுக்கு.

பொதுக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் சி.பி.எச்.இ.இ.ஓ. அமைப்பு 1999-ல் வெளியிட்ட கையேடு ஓர் அளவு சொன்னது. தெருக்குழாயில், ஒரு மாடி வீட்டுக்கு 7 மீட்டர், இரண்டு மாடிக்கு 12 மீட்டர், மூன்று மாடிக்கு 17 மீட்டர் ஏறும் அளவுக்காவது அழுத்தம் இருக்க வேண்டும் என்றது அது. குறிப்பிட்ட நேரம் மட்டும் தண்ணீர் திறந்துவிடும் ஊர்களில், எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் பிடிக்கும்போது, கடைக்கோடித் தெருவுக்கு இந்த அழுத்தம் வந்து சேர்வது கஷ்டம்.

அதை அறிய கருவி எதுவும் வேண்டாம். அந்தத் தெருவில் வீட்டு வாசல்களைப் பாருங்கள். குடிநீர்க் குழாய் தரைக்கு மேல் இரண்டடியில் நின்றால், அங்கே அழுத்தம் இருக்கிறது. குழி தோண்டி, அதற்குள் குடத்தை இறக்கிப் பிடிக்கிறார்கள் என்றால், தண்ணீர் தரைமட்டத்துக்கே ஏறுவதில்லை. குழி ஆழமாக ஆழமாக, அழுத்தம் குறைவு. வீட்டுக்காரர் சொல்ல மறந்ததை வாசல் குழி சொல்லிவிடும்.

குடிநீர் இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். அது விதிமீறல். மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பைத் துண்டிப்போம் என்று உள்ளாட்சி அமைப்புகள் அடிக்கடி எச்சரிக்கின்றன. ஆபத்து அத்தோடு நிற்பதில்லை. மோட்டார் உறிஞ்சும்போது, குழாயில் எங்காவது விரிசல் இருந்தால் வெளியே தேங்கி நிற்கும் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படும். அது உறிஞ்சியவர் வீட்டுக்கும் போகும், பக்கத்து வீட்டுக்கும் போகும்.

எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள்?

விருதுநகர் மாவட்டம் பெரும்பாலும் வறண்ட மாவட்டம். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பூமி. மலையடிவார ஊர்களுக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாகக் கிடைத்தாலும், கோடை வந்தால் கணக்கு மாறும். பக்கத்து ராஜபாளையத்துக்குக் குடிநீர் தருகிறது, அய்யனார் கோவில் பகுதியிலுள்ள ஆறாவது மைல் நீர்த்தேக்கம். மழை தவறி நீர்மட்டம் இறங்கினால், குழாயில் தண்ணீர் வரும் நாள்களின் இடைவெளி கூடும். போர் தண்ணீரும் அப்படித்தான். மார்கழியில் அரை மணி நேரத்தில் தொட்டியை நிரப்பும் மோட்டார், சித்திரையில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டியிருக்கலாம்.

எனவே, மழை முடிந்த மாதங்களில் வீடு பார்க்கிறவர்கள், பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. "மே மாசம் எப்படி இருக்கும்? நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை?" என்று கேட்டால் போதும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு வீட்டை விற்க வேண்டிய அவசியம் இல்லை.

போர் தண்ணீர் உப்பா என்பதையும் கேளுங்கள். குழாயின் நுனியிலும், டைல்ஸிலும், ஷவர் துளைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தால் கேட்கவே வேண்டாம். வெளியே தெரியும் அந்தப் படிவு, குழாய்க்குள்ளும் கீஸருக்குள்ளும் இருக்கும். இன்று வாளி ஒரு நிமிடத்தில் நிறைகிற வீட்டில், நாலைந்து வருடத்தில் அது ஒன்றரை நிமிடமாகலாம்.

மாடி வீடு, அடுக்குமாடி வீடு

கீழ்வீட்டையும் மேல்வீட்டையும் தனித்தனியாக வாடகைக்கு விடும் இடங்களில், ஒரே தொட்டியிலிருந்து இரண்டுக்கும் தண்ணீர் போகும். கீழ்வீட்டுக்குக் கூடுதலாக 10 அடி, அதாவது 0.3 கிலோ அழுத்தம் கிடைக்கிறது. கீழே குழாயைத் திறந்தால் மேலே ஷவர் நின்றுபோகும் வீடுகள் இருக்கின்றன. மேல்வீடு பார்க்கிறவர்கள், கீழ்வீட்டில் தண்ணீர் திறந்திருக்கும் நேரத்தில் சோதித்துப் பார்ப்பது நல்லது.

சென்னை, மதுரை, கோவை என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வாங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். உச்சி மாடிக்கு அழுத்தம் குறைவு. அதனால்தான் மேல்மாடிகளுக்குத் தனியாகப் பம்ப் வைக்கிறார்கள். அது ஜெனரேட்டரில் ஓடுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்மாடியில் பிரச்னை தலைகீழ். 15 மாடிக் கட்டடத்தில் 45 மீட்டர் உயரத்துத் தண்ணீர், கீழே நாலரை கிலோவாக இறங்கும். குழாயை மூடும்போது சுவருக்குள் 'டம்' என்று சத்தம் கேட்பது, இணைப்பு ஹோஸ்கள் அடிக்கடி வெடிப்பது ஆகியவை அழுத்தம் மிஞ்சிப்போனதன் அடையாளங்கள். இங்கேதான் கேஜுக்கு வேலை இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும் வால்வ் பொருத்தியிருக்கிறார்களா என்று கட்டுநரிடம் கேளுங்கள்.

சரிசெய்ய யார் செலவு செய்வது?

குறை தெரிந்த பிறகு பலரும் முதலில் ஓடுவது பிரஷர் பம்ப் வாங்க. அது கடைசி வழியாக இருக்கட்டும். சல்லடை, வால்வ் ஆகியவற்றைச் சுத்தம் செய்து பார்ப்பது முதல் படி. தொட்டியிலிருந்து இறங்கும் குழாயைப் பெரிதாக்குவது அடுத்தது. தொட்டியை உயர்த்துவது மூன்றாவது. ஆனால், ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது ஒரு டன் எடை. கிடைத்த சுவரின் மேல் செங்கல் அடுக்கி ஏற்றிவிடக் கூடாது. தூணும் பீமும் தாங்கும் இடமா என்று இன்ஜினீயரையோ, அனுபவமுள்ள மேஸ்திரியையோ கேட்க வேண்டும். இவை எதுவும் ஒத்துவராதபோது பம்ப் வைக்கலாம். பழைய குழாயுள்ள வீட்டில் திடீரென்று அழுத்தத்தை ஏற்றினால், பலவீனமான இணைப்புகளில் கசிவு தொடங்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வாடகை வீட்டில் செலவு யாருடையது? வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் தமிழ்நாட்டுச் சட்டம் 2017-ல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத பட்சத்தில், தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், டேப் மாற்றுவது போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. அடைப்பு டேப்பிலா, சுவருக்குள்ளா என்று கண்டுபிடித்து வைத்துக்கொள்வது இங்கேயும் உதவும்.

புதிதாகக் கட்டி விற்கும் வீடு என்றால், பூச்சு வேலைக்கு முன் குழாய்களில் அழுத்தம் ஏற்றிச் சோதித்தார்களா என்று கேளுங்கள். கைப்பம்பால் தண்ணீரை ஏற்றி, கேஜின் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவான திட்டமாக இருந்தால், வீடு ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமான, வேலைத்தரக் குறைகளை, நீங்கள் தெரிவித்த 30 நாள்களுக்குள் கட்டுநர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாய்வார்த்தையாகச் சொல்லாமல், எழுத்தில் கொடுங்கள். 'தண்ணீர் சரியா வரலை' என்று எழுதுவதைவிட, '10 லிட்டர் வாளி நிறைய 190 விநாடி ஆகிறது' என்று தேதியோடு எழுதினால் மறுப்பது கடினம்.

கையில் வைத்துக்கொள்ளுங்கள்

* மோட்டார், பிரஷர் பம்ப் இரண்டையும் அணைத்துவிட்டுச் சோதிக்கவும்.
* தொட்டியில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.
* 10 லிட்டர் வாளி நிறையும் நேரத்தை ஒவ்வொரு பாத்ரூமிலும் குறிக்கவும். ஷவரைத் தனியாகத் திறந்து பார்க்கவும்.
* இரண்டு குழாய்களைத் திறந்து, ஃபிளஷ் செய்து, மறுபடியும் நேரம் பார்க்கவும்.
* வெந்நீர்க் குழாயையும் வாஷிங் மெஷின் குழாயையும் மறக்க வேண்டாம்.
* கசிவு இருக்கிறதா என்று அறிய, எல்லாக் குழாய்களையும் மூடி, இரவில் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பார்க்கச் சொல்லவும்.
* தெருவில் வாசல் குழிகளைப் பார்க்கவும். பக்கத்து வீட்டில் கோடைக்காலம் பற்றிக் கேட்கவும்.
* பார்த்ததைச் செல்போனில் வீடியோவாக எடுத்துவைக்கவும். சரிசெய்து தருவதாக உரிமையாளர் சொன்னால், அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லவும்.

வாளியோடு வீடு பார்க்கப் போனால் வீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்க்கலாம். அங்கேயே ஒரு வாளி கேட்டு வாங்கிக்கொண்டாலும் போதும். குடும்பமே தினமும் காலையில் அந்தக் குழாயடியில்தான் நிற்கப்போகிறது. அங்கே பத்து, பதினைந்து நிமிடம் முன்னதாகவே நின்று பார்ப்பதில் தவறில்லை.